கண்ணால் காணாத கழகம்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் அந்தியூரின் முகமே மாறிவிடும். குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்கு எங்கெங்கிருந்தோ குதிரைகளும் காளைகளும் வந்து குவியும். திப்பு சுல்தான் காலந்தொட்டு நடந்துவரும் சந்தை இது என்பது மக்களிடையே வழங்கும் செய்தி. வருவோர் யார், போவோர் யார், எந்தச் சமயத்தார் என்று எவரும் கேட்பதில்லை. குதிரையின் சுழியைப் பார்ப்பார்கள். மனிதனின் சொல்லைப் பார்ப்பார்கள். ஊருக்கு வடக்கே பர்கூர் மலையேறி, கொள்ளேகால் வழியாக மைசூர் நாட்டுக்குச் செல்லும் பாதை கிடக்கிறது. அந்தப் பாதையில் மாடுகள் வந்தன, வணிகம் வந்தது. எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பாதை வழியே ஒரு கால்பந்துக் கழகமும் வந்து சேர்ந்தது!

என் நன்னா தோல் மண்டியில் கணக்கெழுதியவர். மண்டி வேலையாகப் பெங்களூருக்குப் போய்வரும்போது அங்கு மைதானத்தில் நடந்த பந்தாட்டத்தைப் பார்த்து மயங்கியிருக்கிறார். அதன்பின் அவர் உள்ளத்தில் இடம் பிடித்தது, ஒருநாளும் அவர் கண்ணால் காணாத அணியொன்று: கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம். அக்கழகத்தைப் பற்றிய செய்தித்தாள் துணுக்குகளையும், கல்கத்தாவில் தோல் வணிகம் செய்த நண்பர் எழுதிய கடிதங்களையும் ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். வீட்டுப் பத்திரமும் நகையும் வேறு பெட்டியில் இருந்தன. அதற்குப் பூட்டு இருந்ததாக எனக்கு நினைவில்லை!

ஒரு மனிதன், தான் காணாத பதினொரு பேருக்காக வாழ்நாள் முழுதும் ஏன் மகிழ்ந்தான், ஏன் வருந்தினான்? அதை அறிய வேண்டுமாயின் அக்கழகத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

முப்பத்தாறு ஆண்டுக் கோட்டை

இந்தியக் கால்பந்தின் தாய்வீடு கல்கத்தா. அங்கே மோகன் பகான் கழகம் 1889-இல் தோன்றியது. ஜூபிலி, கிரசென்ட், ஹமீதியா எனப் பெயர் மாறி மாறி வந்த ஒரு சங்கமே 1891-இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆயிற்று என்பர். ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920-இல் பிறந்தது. இம்மூன்றும் வங்கத்தின் மூன்று பெருங்குடும்பங்கள் போல. பிறக்கும் குழந்தை எந்தக் குடும்பத்துக்குரியது என்பதைத் தந்தையின் கழகமே முடிவு செய்துவிடும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனின் விலை ஏறும். மோகன் பகான் வென்றால் இறாலின் விலை ஏறும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். பந்தாட்டம் அடுப்பங்கரை வரை நுழைந்துவிட்ட நகரம் அது.

1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் வீரர்கள் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். காலில் பூட்சில்லாத இந்தியர், பூட்சணிந்த வெள்ளையரை வென்ற நாள் அது. நாடே நிமிர்ந்து பார்த்தது. ஆயினும் மற்றொரு கோட்டை வீழாமல் நின்றது. 1898-இல் தொடங்கிய கல்கத்தா லீக் போட்டியில் ஆண்டுதோறும் வெள்ளையர் அணிகளே வாகை சூடி வந்தன. கேடயப் போட்டியில் சில ஆட்டங்களில் வென்றால் போதும். லீக் போட்டியிலோ ஒரு பருவம் முழுதும் வெயிலிலும் மழையிலும் தளராமல் ஆட வேண்டும். மழையில் நனைந்த வழுக்குத் தரையில் வெறுங்கால் வீரர்கள் தடுமாறுவர். அங்கேதான் வெள்ளையர் அணிகள் வெற்றியை அறுவடை செய்தன.

இதை உணர்ந்து மாற்றியவர்கள் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தார். கழகத்தை நடத்திய அஜீஸ் என்பார், மழைநாளில் தம் வீரர்களைப் பூட்சணிந்து ஆடச் செய்தார். வங்கத்தில் மட்டும் வீரர்களைத் தேடாமல், பெங்களூர் முதல் வடமேற்கு எல்லைப்புறம் வரை திறமை எங்கிருந்தாலும் அழைத்துவந்தார். 1934-இல்தான் கழகம் முதற்பிரிவுக்கு ஏறியது. ஏறிய அதே ஆண்டில் லீக் பட்டத்தை வென்றது! முப்பத்தாறு ஆண்டுகளாக எந்த இந்திய அணியாலும் தொட முடியாத பட்டம் அது. 1934, 1935, 1936, 1937, 1938 என ஐந்தாண்டுகள் தொடர்ந்து அப்பட்டம் அவர்களிடமே இருந்தது. 1936-இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் சேர்த்து வென்றனர். ஒரே ஆண்டில் இரண்டையும் பெற்ற முதல் இந்திய அணி அதுவே. சலீம், ரஹீம், ரஷீது, அப்பாஸ், ஜும்மாகான், உஸ்மான் ஆகிய பெயர்கள் வங்கத்து வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரிந்த பெயர்களாயின. கவிஞர் காஜி நஜ்ருல் இஸ்லாம் இவ்வணியை வாழ்த்திக் கவிதை எழுதினார்.

1940-இல் தில்லியில் நடந்த டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்றனர். 1888-இல் தொடங்கிய அக்கோப்பையை இந்தியர் அணி ஒன்று பெற்றது அதுவே முதன்முறை.

கல்வியிலும் அரசுப் பணியிலும் பின்தங்கிக் கிடந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே அளவாயிருந்த திடலில், எல்லாருக்கும் ஒன்றாயிருந்த விதிகளுக்கு உட்பட்டு வென்றனர் என்பதே அந்நாளைய பூரிப்புக்குக் காரணம். சலுகையால் வந்ததன்று அவ்வெற்றி. எவரும் மறுக்க இயலாததும் ஆகும். அந்தச் செய்தி பர்கூர் மலையைத் தாண்டி ஒரு தோல் மண்டிக் கணக்கரின் நெஞ்சில் வந்து தங்கியதில் வியப்பென்ன?

இரண்டு பிள்ளைகள் மோதிய ஆண்டு

1937-ஆம் ஆண்டை என் நன்னா மறந்ததேயில்லை. பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பைப் போட்டி, டூரண்ட், ஐ.எஃப்.ஏ. கேடயம் ஆகியவற்றோடு ஒருங்கு வைத்தெண்ணப்பட்ட பெருமையுடையது. அதையும் அதுவரை வெள்ளையர் படையணிகளே வென்று வந்தன. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் முகம்மதன் ஸ்போர்ட்டிங்கை எதிர்த்து நின்ற அணி எது தெரியுமா? பெங்களூர் முஸ்லிம்ஸ்!

ஒருபுறம் செய்தித்தாளில் நேசித்த கழகம். மறுபுறம் அவர் நேரில் கண்டு களித்த ஊரின் அணி. எது வென்றாலும் கோப்பையை முதன்முதலில் இந்தியர் பெறுவது உறுதி. ஆயினும் மனம் ஏதேனும் ஒரு பக்கம் சாயாமலா இருக்கும்? பெங்களூர் வென்றது. ரோவர்ஸ் கோப்பையைப் பெற்ற முதல் இந்திய அணி என்னும் புகழ் அதனைச் சேர்ந்தது. மறு ஆண்டும் அவ்வணியே வென்றது. 1940-இல் மீண்டும் அதே இரு அணிகள் இறுதியில் மோத, இம்முறை முகம்மதன் ஸ்போர்ட்டிங் வென்றது.

“அப்போது நீங்கள் யார் பக்கம் இருந்தீர்கள், நன்னா?” என்று நான் சிறுவனாக இருந்தபோது கேட்டதுண்டு.

“37-லே தோத்தவங்க பக்கம், 40-லே செயிச்சவங்க பக்கம். ரெண்டு தடவையும் ஒரே பக்கம்தான், தம்பி” என்றார்.

விளையாட்டுப் பற்றின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சலீமும் நூறு பவுனும்

இரசிகன் கழகத்தை நினைக்கிறான். கழகம் இரசிகனையும் வீரனையும் நினைக்கிறதா? இந்த வினாவுக்கு விடையாக உண்மை வரலாறு ஒன்று உண்டு.

முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் வலப்புற முன்கள வீரர் முகம்மது சலீம், 1904-இல் பிறந்தவர். 1936-இல் உறவினர் ஒருவரின் தூண்டுதலால் கப்பலேறி ஸ்காட்லாந்து சென்றார். கிளாஸ்கோ நகரின் புகழ்பெற்ற செல்டிக் கழகத்தில் தம் திறனைக் காட்டினார். அவர் பூட்சணிந்து ஆடிப் பழகாதவர். ஆகவே இரு பாதங்களிலும் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டு களமிறங்கினார். கழகத்தைச் சேர்ந்த ஜிம்மி மக்மெனமி அவர் பாதத்துக்குக் கட்டுப் போடும் ஒளிப்படம் இன்றும் இருக்கிறது. செல்டிக்கின் இரண்டாம் நிலை அணிக்காக அவர் ஆடிய இரு ஆட்டங்களில், ஹாமில்டன் அணி 5-1 எனவும் கால்ஸ்டன் அணி 7-1 எனவும் தோற்றன. ஐரோப்பியக் கழகமொன்றுக்கு ஆடிய முதல் இந்தியர் அவரே என்பர். கழகத்தார் தங்கிவிடுமாறு கேட்டனர். ஆனால் ஊர் நினைவு அவரை வாட்டியது. திரும்பிவந்து தம் பழைய கழகத்துக்கே ஆடினார்.

ஆண்டுகள் பல உருண்டன. முதுமையில் அவர் நோயுற்றபோது, மருத்துவச் செலவுக்கு உதவி வேண்டுமென அவர் மகன் செல்டிக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இரண்டே ஆட்டம் ஆடிய ஒருவரை, அதுவும் பல பத்தாண்டுகளுக்குப் பின், யார் நினைத்திருக்கப் போகிறார்கள்? ஆனால் விடை வந்தது! உள்ளே நூறு பவுனுக்கு வங்கி வரைவோலை இருந்தது. மகன் அதைக் காசாக்கவில்லை. தந்தையை அக்கழகம் இன்னும் நினைவில் வைத்திருக்கிறதா என்று அறியவே எழுதியதாகவும், அந்த ஓலையைத் தம் வாழ்நாள் முழுதும் காத்து வைக்கப் போவதாகவும் பின்னர் அவர் கூறினார். சலீம் 1980-இல் மறைந்தார்.

காசாக்காத அந்த ஓலைக்கும் நன்னாவின் தகரப் பெட்டிக்கும் உறவு உண்டு. இரண்டும் பணமதிப்பால் அளக்கக்கூடியவை அல்ல.

“உங்கள் ஆள்” என்பது மாறிய விதம்

1947-இல் நாடு பிரிந்தது. முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் இரசிகர்களில் பெரும்பகுதியினர் ஒரே நாளில் அயல்நாட்டினர் ஆயினர். வீரர் பலர் எல்லைக்கு அப்பால் சென்றனர். கழகம் இனி நில்லாது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1948-இல் அது மீண்டும் லீக் பட்டத்தை வென்றது! எஞ்சியிருந்தோர் கழகத்தைக் கைவிடவில்லை என்பதே அதன் பொருள்.

அதன்பின் கழகத்தின் கதவுகள் அகலத் திறந்தன. 1960-ஐ ஒட்டி அதன் கோலைக் காக்க வந்தவர் பீட்டர் தங்கராஜ். தமிழ்ப் பெயர் தாங்கிய கிறித்தவர். செகந்திராபாத்தில் ஆடத் தொடங்கியவர். நம் கொங்கு நாட்டின் தலைமாட்டில், நீலகிரியின் வெலிங்டனிலுள்ள சென்னை ரெஜிமெண்ட் மையத்தில் படைவீரராக இருந்தவர். அம்மையத்தின் அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றபோது அதன் தூணாக விளங்கியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியிலும் இடம்பெற்றவர்.

எங்கள் ஊரில் நன்னாவுக்கு ஒரு நண்பர் இருந்தார். வெற்றிலை வணிகம் செய்த கவுண்டர். கால்பந்து பற்றி அவருக்கு ஏதும் தெரியாது. ஆனால் நன்னாவின் முகத்தைப் பார்த்தே, “என்னங்க ராவுத்தரே, உங்க ஆளுங்க செயிச்சிட்டாங்களா?” என்று கேட்பார். தங்கராஜ் கழகத்தில் சேர்ந்த செய்தி வந்த நாளில் நன்னா அவரைத் தேடிப் போய்ச் செய்தித்தாளை விரித்துக் காட்டினார். “தங்கராஜுங்க. நம்ம வெலிங்டன் பட்டாளத்துக்காரர். இப்ப எங்க கோலுக்கு அவருதான் காவல்” என்றார். கவுண்டர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “அப்பொ இனிமே நம்ம ஆளுங்கன்னு கேக்கறேன்” என்றார். அப்படியே கேட்டும் வந்தார்.

சமுதாயப் பெருமிதத்தில் முளைத்த ஒரு பற்று, வேலி தாண்டிக் கிளை விரித்ததை அந்த ஒரு சொல்லில் கண்டேன். ஒன்றை நேசிப்பதற்கு இன்னொன்றை வெறுக்க வேண்டுவதில்லை. இது எளிய உண்மைதான். ஆனால் இதை மறந்ததால் திடல்களில் சிந்திய கண்ணீர் கொஞ்சமன்று. 1975 கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் 0-5 என ஈஸ்ட் பெங்காலிடம் தோற்றபோது, தாங்கமாட்டாத இளைஞர் ஒருவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில் அதே இரு அணிகளின் ஆட்டத்தில் கலவரமும் நெரிசலும் ஏற்பட்டு இரசிகர் 16 பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்கச் சென்ற பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால் அந்தத் தாய்க்கு எந்தக் கோப்பை ஆறுதல் தரும்? பற்று வேறு, வெறி வேறு. தோல்வியைத் தாங்கக் கற்பிப்பதே பற்று.

மூன்று தலைமுறைக் காத்திருப்பு

கழகம் 1957-இல் லீக் பட்டம் பெற்றது. பத்தாண்டு கழித்து 1967-இல் மீண்டும் பெற்றது. 1967 பட்டமே நன்னா கேட்ட கடைசி வெற்றிச் செய்தி. மறு ஆண்டு அவர் மறைந்தார். அடுத்த பட்டம் 1981-இல் வந்தது. அத்தா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “உங்க நன்னா இல்லாமப் போயிட்டார்” என்று மட்டும் சொன்னார். 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் ஃபெடரேஷன் கோப்பையும் கிடைத்தது.

பின்னர் நீண்ட இருள். பணவளம் மிக்க கழகங்கள் வீரர்களை ஈர்த்துக்கொண்டன. கோப்பைகள் அரிதாயின. 1940-க்குப் பின் டூரண்ட் கோப்பை மீண்டும் கைக்கு வர 2013 ஆயிற்று. எழுபத்து மூன்று ஆண்டுகள்! லீக் பட்டத்துக்கோ 1981-இலிருந்து 2021 வரை நாற்பதாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அத்தா அதற்குள் மறைந்துவிட்டார். 2021 நவம்பரில் ஒருநாள் என் பேரன் கைப்பேசியை நீட்டி, “நன்னா, உங்க டீம் செயிச்சிருச்சு” என்றான். நான் சற்றுநேரம் பேசவில்லை. நாற்பதாண்டுகளுக்கு முன் அத்தா செய்தித்தாளை ஏன் அவ்வளவு மெதுவாக மடித்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

2022, 2023 ஆண்டுகளிலும் பட்டம் தொடர்ந்தது. 2023-24 பருவத்தில் ஐ-லீக் போட்டியிலும் வாகை சூடி, நாட்டின் தலையாய இந்தியன் சூப்பர் லீக் போட்டிக்குள் கழகம் நுழைந்தது. நுழைந்த முதற்பருவத்திலேயே கடைசி இடம்! “இப்ப என்ன பண்றது, நன்னா?” என்றான் பேரன். “நாற்பது வருஷம் இருந்தோமே, அப்படித்தான்” என்றேன்.

எண்ணிப் பாருங்கள். 1934-இல் ஆடிய வீரருள் ஒருவரும் இன்றில்லை. நிர்வாகிகள் மாறினர், கல்கத்தா என்னும் பெயரே 2001-இல் கொல்கத்தா ஆயிற்று. மாறாமல் நிற்பவை கறுப்பு வெள்ளைச் சீருடையும் அதன்மீது கண்வைத்த மக்களுமே. அப்படியாயின் கழகம் என்பது யார்? வந்துபோகும் வீரர்களா, வழிவழியாக நிற்கும் இரசிகர்களா?

பெட்டி என்னவாயிற்று?

வாசகர்கள் கேட்கலாம்: அந்தத் தகரப் பெட்டி எங்கே? வெட்கத்தோடு சொல்கிறேன். நன்னா மறைந்த சில ஆண்டுகளில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, உள்ளிருந்த தாள்கள் பழைய காகிதக்காரரின் தராசுக்குப் போய்விட்டன. 1930-களின் துணுக்குகள், கல்கத்தா நண்பரின் கடிதங்கள், தங்கராஜின் படம் எல்லாம் எடைக்கு எடை போயின. அதைச் செய்தவர்கள் நாங்களே. வேறு எவர்மீதும் குற்றமில்லை. பெட்டியில் இப்போது திருகாணியும் ஆணியும் கிடக்கின்றன.

வென்ற ஆண்டுகளையும் கோல் கணக்குகளையும் நூல்கள் காத்து வைத்துள்ளன. ஆனால் மலைக்கு இப்பாலிருந்து ஒரு கணக்கர் எப்படிக் காத்திருந்தார், கடிதம் வரத் தாமதித்த நாளில் என்ன செய்தார், தோல்விச் செய்தியை யாரிடம் சொல்லி ஆறினார் என்பவை எந்த நூலிலும் இல்லை. சலீமின் மகன் ஓர் ஓலையைக் காத்ததால் ஒரு வரலாறு நிலைத்தது. நாங்கள் ஒரு பெட்டியைக் காக்காததால் ஒரு வரலாறு கரைந்தது.

உங்கள் இல்லத்திலும் ஒரு பெரியவர் இருக்கக்கூடும். சென்னைத் திடலில் ஆட்டம் பார்த்தவராக இருக்கலாம். வானொலியருகே காதை வைத்துக் கிடந்தவராக இருக்கலாம். மலேசியாவிலோ கொழும்பிலோ பிழைக்கப்போன இடத்தில் ஓர் அணியைத் தம்முடையதாக்கிக் கொண்டவராக இருக்கலாம். இன்று மாலையே அவரருகே அமர்ந்து கேளுங்கள். “அத்தா, உங்கள் அணி எது? ஏன் அது?” என்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி தவறினாலும் தவறட்டும். நூல்களைப் பார்த்துப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். அவர் குரல் நின்றுவிட்டால் அதைத் திருப்பித் தர எந்த நூலாலும் ஆகாது.

என் பேரன் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறான். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதியதே இக்கட்டுரையின் பெரும்பகுதி. திருகாணிகளையும் ஆணிகளையும் கொட்டிவிட்டு, அந்த நோட்டைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம். இம்முறை பூட்டுப் போடவில்லை. யார் வேண்டுமாயினும் திறந்து படிக்கலாம்.